ஜெயக்குமாருக்கான கேள்விகள்

இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் விழுந்து விழுந்து படிப்பார்கள். இன்டர்வியூ எடுக்கப்போகிற துர்காதேவி ஒரு வாரமாக அப்படிப் படித்துக்கொண்டிருந்தாள். படூரில் அவள் டீம் லீடாக இருக்கும் கம்பெனிக்கு டேட்டாபேஸ் வேலை கேட்டு ஒரு ரெஸ்யூம் வந்திருந்தது. மேலே ஜெயக்குமாரின் போட்டோ, சிரித்த முகமாக.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானதுதான். ஆறு வருஷத்துக்கு முன் பழைய கம்பெனியில் அவன் சீனியர், அவள் புதுசு. சோதனை டேட்டாபேஸ் என்று நினைத்துக்கொண்டு, நிஜ வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸில் டெலீட் கமாண்டை ஓட்டினான் அந்த மகராசன். எந்த வரியை அழிப்பது என்ற கண்டிஷனையும் போடவில்லை. மொத்த டேபிளும் காலி. பக்கத்து சீட்டிலிருந்து துர்கா கண்ணால் பார்த்தாள். ஆனால் அந்த டீம் முழுவதற்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. தனித்தனியாக வாங்க அவ்வளவு சோம்பேறித்தனம். அதனால் அழித்தவர் யார் என்று எங்கும் பதிவாகவில்லை. சீனியர் யாரைக் காட்டுகிறாரோ அவர்தான் குற்றவாளி. அவன் துர்காவைக் காட்டினான்.

"மீனைக் கழுவற மாதிரி டேபிளையே கழுவி வெச்சிட்டா சார்" என்றான் மீட்டிங்கில், அவள் அம்மா மீன் விற்கிறவள் என்பதைக் குத்திக்காட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை போனது. அதற்கப்புறம் போன இடமெல்லாம் "அங்கேர்ந்து ஏன் வந்தீங்க?" என்றே கேட்டார்கள். உண்மையைச் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. ஒரு வருஷம் கோவளத்து வீட்டில் சும்மா கிடந்த பிறகுதான் படூரில் ஒரு சின்ன வேலை கிடைத்து, மெல்ல மெல்ல டீம் லீடானாள்.

இன்டர்வியூ அன்று காலை, மீன் மார்க்கெட்டுக்குக் கிளம்பிய அம்மா கன்னியம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னாடி இது, கேள்வி கேக்கறவளுக்கு இன்னாத்துக்குப் படிப்பு?"

"வர்றவன் ஜெயக்குமாருமா."

கன்னியம்மா கூடையைக் கீழே இறக்கினாள். "அந்தக் கஸ்மாலமா? மூஞ்சிலயே காறித் துப்பி அனுப்பு."

"துப்புனா தொடச்சிகினு போயிடுவான்மா. உண்மை அவன் வாயாலயே வரணும்."

இண்டெக்ஸ், ஜாயின், பேக்கப் என்று எழுதி வைத்த கேள்விகளை எல்லாம் அடித்தாள். அவற்றுக்கு அவன் தூக்கத்தில்கூட பதில் சொல்வான், அந்த மட்டுக்குக் கெட்டிக்காரன். ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ஜெயக்குமார் உள்ளே வந்தான். மேனேஜர் ஜானகிராமனுக்கு வணக்கம் சொன்னவன், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்ததும் விறைத்துப்போனான். துர்காவுக்கு உள்ளுக்குள் குஷியாக இருந்தது. வாயில் கற்கண்டைப் போட்டுக்கொண்டவள் போல அவசரமே படாமல் ஆரம்பித்தாள்.

"தொலைஞ்சுபோன வாடிக்கையாளர் தகவலை ஒரே நாள்ல மீட்டேன்னு ரெஸ்யூம்ல போட்டிருக்கீங்க. அது எப்படித் தொலைஞ்சது?"

போகிற இடமெல்லாம் அவன் சொல்லும் கதை ஒன்று இருந்தது. ஒரு ஜூனியர் பெண் அழித்தாள், நான் காப்பாற்றினேன் என்று. அந்தப் பெண்ணே எதிரில் உட்கார்ந்து கேட்டால் எப்படிச் சொல்வது? தண்ணீரைக் குடித்தான். இன்னொரு தரமும் குடித்தான்.

"நான்தான் சார் அழிச்சேன். நிஜ டேட்டாபேஸ்னு கவனிக்கல" என்றான் ஜானகிராமனைப் பார்த்து.

"பரவால்லயே!" ஜானகிராமன் முகம் மலர்ந்தது. "இந்தக் காலத்துல தப்பை யார் ஒத்துக்கிறா? எனக்கு இப்படி ஆளுதான் வேணும்."

துர்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அவள் வேலை தப்பியிருக்கும். இன்றைக்கு அதே வாக்கியம் இவனுக்கு வேலை வாங்கிக் கொடுக்கிறது! விடக்கூடாது என்று முடிவு கட்டினாள்.

"அதுக்காக உங்களை வேலையை விட்டு எடுத்தாங்களா?"

"இல்ல."

"யாரை எடுத்தாங்க?"

"ஒரு ஜூனியரை."

"ஏன்?"

"அவங்க அழிச்சதா... நான் சொன்னேன்."

"அவங்க பேரு?"

அவன் தலை குனிந்தது.

"துர்காதேவி."

ஜானகிராமன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சி போன இடம் தெரியவில்லை. ரெஸ்யூமை மடித்தார்.

"நீங்க கிளம்பலாம் மிஸ்டர்."

"இருங்க சார்" என்றாள் துர்கா. "போகச் சொன்னா வேற எங்கயாவது போய் இதே கதையைச் சொல்லிப் பொழைச்சிப்பாரு. எடுத்துக்கலாம், என் டீம்லயே. வேலையும் தெரியும்."

உங்கள் இஷ்டம் என்பது போல ஜானகிராமன் கையை விரித்தார். துர்கா ஜெயக்குமார் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை வந்துடுங்க. டேட்டாபேஸை நீங்க பார்க்கலாம், கை வைக்க முடியாது. ஒரே ஒரு வரி அழிக்கணும்னாலும் என் சீட்டாண்ட வந்து நின்னு கேக்கணும். நான் சரின்னா நான் அழிப்பேன். எத்தனை வருஷம் இருந்தாலும் அப்படித்தான். சம்மதமா?"

ஐந்து மாதமாக வேலையில்லாதவன். வீட்டுக் கடன் வேறு கழுத்தை நெரித்தது. கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"சரி" என்றான்.

"சரி மேடம்" என்று திருத்தினாள் துர்கா.