ஒரு நாள் முன்னதாக

ரொட்டித் துண்டுகளின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்த ஜானிஸ், அண்ணி லொரெய்ன் அந்தப் பையை மேஜைமேல் கவிழ்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். அண்ணன் ட்ரெவர் இறந்த அன்று மருத்துவமனையில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பை அது. ஒன்பது நாளாக வாஷிங் மெஷின்மேல் கிடந்தது. இருவரும் அதைப் பார்க்காதது மாதிரியே பக்கத்தில் நின்று தேநீர் போட்டுக் குடித்திருந்தார்கள்.

"அவன் கண்ணாடி வேணும்," என்றாள் லொரெய்ன். "கண்ணாடி இல்லேன்னா அவன் மூஞ்சி அவன் மூஞ்சியாவே இருக்காது. சவ வண்டிக்காரங்க வந்ததும் குடுத்தா பெட்டியிலயே போட்டு விட்டுருவாங்களாம்."

கண்ணாடி கிடைத்தது. வீட்டுச் சாவி, பஸ் பாஸ், பாதி தீர்ந்த புதினா மிட்டாய்ச் சுருள். கடைசியாக ஒரு சின்னக் காகித உறை. லொரெய்ன் அதைப் பிரித்தாள். உள்ளே நான்கு பாஸ்போர்ட் போட்டோக்கள். ட்ரெவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, டை கட்டி உட்கார்ந்திருந்தான். நான்கிலும் ஒரே மாதிரி வாயை இறுக்கி மூடியிருந்தான்.

"பாஸ்போர்ட்டா? இந்த க்ரிம்ஸ்பி ஊர விட்டு வெளிய போறதுன்னாலே பத்து சாக்கு சொல்லுவான்." ஒரு கணம் லொரெய்னுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. பிறகு முகம் மாறியது. "ஓ. இப்பப் புரியுது. ஃபோன்லயே சூதாடறதுக்குப் புதுசா கணக்கு தொறக்கணும்னா போட்டோ கேப்பாங்க இல்ல? ஒரு வருஷமா என் காதுல பூ சுத்தியிருக்கான்."

"அப்படி இருக்காது லொரெய்ன்."

"எப்படி இருக்காது? எங்க செத்தான்? உன் பந்தயக் கடைக்கு நேர் எதிர்ல. அந்தத் தெருவுல அவனுக்கு வேற என்ன வேலை? ரொட்டி வாங்கப் போனானா?"

லொரெய்ன் போட்டோக்களை மேஜையில் குப்புறப் போட்டாள்.

"டெனிஸுக்கு நேத்தே ஃபோன் பண்ணிட்டேன். இன்னிக்கு அடக்கத்துக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளுங்க ஒருத்தரும் வர வேணாம்னு சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க முன்னால நிக்கறது? ஒவ்வொரு வாரமும் ஆடலேன்னு சொல்லிக் கைதட்டு வாங்கிட்டு வந்திருக்கான்."

சூதை விட்டவர்கள் செவ்வாய்தோறும் சர்ச் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் அது; டெனிஸ் நடத்துவது. ட்ரெவர் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அங்கே எல்லோருக்கும் தேநீர் ஊற்றுவது அவன் வேலையாகவே ஆகியிருந்தது.

ஜானிஸ் மேஜையிலிருந்த போட்டோக்களில் ஒன்றைத் திருப்பினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அளவு, அந்த வெள்ளைப் பின்னணி, கண்ணாடியைக் கழற்றியது. இதே மாதிரி ஒரு போட்டோவைப் போன வருடம் அவள்தான் வாங்கிப் படிவத்தில் ஒட்டினாள்.

இருபத்திரண்டு வருடமாக அவள் பந்தயக் கடையில் வேலை செய்கிறாள். குதிரைகளின் பெரிய படங்கள் ஜன்னலை மறைத்திருக்க, அவற்றின் காலடியில் பொறுப்பாக ஆடுங்கள் என்று பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். "நான் பொறுப்பாத்தாண்டி ஆடினேன், ஒரு நாள்கூட லீவு போட்டதில்ல," என்று அதைக் காட்டிச் சொன்னவன் ட்ரெவர். சொன்ன கையோடு, என்னை இனிமேல் எந்தக் கடைக்குள்ளும் விடாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். ஒரு வருடத்துக்கு. அந்தப் படிவத்தின் நகலும் போட்டோவும் ஊரிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் போயின. ஜானிஸின் கவுண்டருக்குக் கீழே இருக்கும் கறுப்புக் கோப்பில் அவன் பதினேழாவது பக்கம்.

பட்டியலில் இருப்பவர் வாசலைத் தாண்டக் கூடாது. கழிப்பறைக்குக்கூட. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு கிழவரைக் கழிப்பறைக்கு விட்டதற்காக ஜானிஸுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

ஒன்பது நாளுக்கு முன், காலை பதினொன்று இருபதுக்கு, ட்ரெவர் கதவைத் திறந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கடலிலிருந்து வந்த காற்று அவனுக்கு முன்னால் உள்ளே நுழைந்து பந்தயச் சீட்டுகளைப் பறக்கவிட்டது.

"ஜான், ஒரு நிமிஷம் வெளிய வாயேன்."

"கேமரா பாக்குது ட்ரெவ். போயிடு."

"அதுக்கில்லடி. நாளைக்கு முடியுதில்ல, அதான்—"

"தெரியும், நாளைக்கு முடியுது. இந்த ஒரு நாள் பொறுக்க முடியலையா உனக்கு?"

சூதாட்ட மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த இருவர் திரும்பிப் பார்த்தார்கள். ட்ரெவரின் கை கோட்டின் உள்பையில் இருந்தது. பர்ஸை எடுக்கிறான் என்று நினைத்தாள். அவன் கையை வெறுமனே வெளியே எடுத்தான். லேசாகச் சிரித்தான். "சரி, கோவிச்சுக்காத," என்று கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.

போய் எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தான். இரண்டு படங்களுக்கு நடுவிலிருந்த இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதிலும் ஏறவில்லை. நான் தேநீர் குடிக்கப் போகிற நேரம் பார்த்து உள்ளே நுழையப் பார்க்கிறான், அடுத்த கவுண்டரிலிருக்கும் பெண்ணுக்கு அவனை அடையாளம் தெரியாது என்று ஜானிஸ் கணக்குப் போட்டாள். அன்றைக்கு அவள் தேநீருக்கே எழுந்து போகவில்லை. ஒன்றே முக்கால் வரைக்கும் கவுண்டரிலேயே காவல் இருந்தாள். மூன்றாவது பஸ்ஸின் ஓட்டுநர் இறங்கிப்போய் அவன் தோளைத் தொட்டு அசைத்த பிறகுதான் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

மாரடைப்பு. பன்னிரண்டு மணிக்கு முன்பே போயிருக்கும் என்றார் டாக்டர்.

கடைப் பதிவில் அவள் எழுதியது அப்படியே இருந்தது: பட்டியலில் உள்ளவர் நுழைய முயன்றார். வெளியேறும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அமைதியாக வெளியேறினார். வட்டார மேலாளர் ஃபோனில் துக்கம் விசாரித்துவிட்டு, "நீங்க விதிப்படி பக்காவா செஞ்சிருக்கீங்க ஜானிஸ், அதப் பத்தி ஒண்ணும் கவலப்படாதீங்க," என்றார். லொரெய்னிடமும் போலீஸிடமும் ஜானிஸ் சொன்னது ஒன்றுதான். ஓட்டுநர் கத்திய பிறகுதான் நான் அவனைப் பார்த்தேன்.

"லொரெய்ன்."

"என்ன?"

"அது ஃபோன் கணக்குக்கு இல்ல. கடைக் கோப்புக்கு. இன்னொரு வருஷம் நீட்டிக்கணும்னா புதுசா போட்டோ குடுக்கணும்."

லொரெய்ன் அவளையே பார்த்தாள்.

"அன்னிக்கு வந்தான். கடைக்கு. நடுவுல ஒரு நாள்கூட விட்டுறக் கூடாதுன்னு முந்தின நாளே வந்திருக்கான். என்னவோ சொல்ல வந்தான். நான் சொல்ல விடல. ஆட வந்திருக்கான்னு நெனச்சு வெரட்டிட்டேன். எதிர்ல உக்காந்திருந்தான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை மணி நேரம் இருக்கும்."

கெட்டிலில் தண்ணீர் கொதித்து, டக்கென்று தானே அணைந்தது. இருவரில் யாரும் எழவில்லை.

"குளிருதுன்னு சொன்னானா?"

"சொல்லல."

"வேற என்ன சொன்னான்?"

"கோவிச்சுக்காதேன்னான்."

லொரெய்ன் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கினாள். அழுக்கு எதுவும் இல்லாத மேல் போட்டோவை ஏப்ரன் நுனியால் துடைத்தாள். "அந்த டை," என்றாள். "அன்னிக்குக் காலைல எதுக்குடா டைன்னு கேட்டேன். சும்மாதான்னான்." கண்ணாடியையும் போட்டோக்களையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

ஜானிஸ் கத்தியைக் கையில் எடுத்தாள். வெட்டாமல் மறுபடி கீழே வைத்தாள். மாடியில் பலகை கிறீச்சிட்டது. பிறகு லொரெய்னின் குரல் கேட்டது, ஃபோனில், கடைக்காரனிடம் பேசுவதுபோல ஏற்ற இறக்கமில்லாமல்.

"டெனிஸ், நான்தான் லொரெய்ன். நேத்து நான் சொன்னத மறந்துடுங்க. பதினோரு மணிக்கு. ஆமா, எல்லாரும். அவன் ஒரு நாள்கூட ஆடல டெனிஸ். அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

இறங்கி வந்தபோது கறுப்புக் கோட்டுப் போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள். ஜானிஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்தத் தட்டு மேல ஈரத் துணியப் போட்டு மூடு. திரும்பி வர்றதுக்குள்ள ரொட்டி காஞ்சு போயிடும்."

"லொரெய்ன், நான்…"

"மூடுன்னேன்."

வண்டிகள் சொன்ன நேரத்துக்கே வந்தன. முன்னதில் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பூக்கள். எதிர் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தலைமை ஊழியர் லொரெய்னிடம் குனிந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு முன் வண்டிக்குப் போனார். லொரெய்ன் பின்னால் நின்ற நீண்ட கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்களின் காரும் நின்றிருந்தது.

ஜானிஸ் நடைபாதையில் நின்றாள். எந்தக் காரில் ஏறுவது என்று தெரியவில்லை.

"நீங்க குடும்பந்தானேம்மா?" என்று கறுப்புக் காரின் ஓட்டுநர் கேட்டார்.

அவள் லொரெய்னைப் பார்த்தாள். ஓட்டுநர் காரின் கதவைப் பிடித்தபடி உள்ளே பார்த்தார். மழை சாய்வாக அடித்து இருக்கையின் ஓரத்தை நனைத்தது. லொரெய்ன் முன்னால் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தலையைத் திருப்பாமலே, பக்கத்து இருக்கையில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.