கலெக்ட் கோல்

என் புருசன் எட்வேட்டைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கஞ்சன் தனக்காகப் பூட்டி வைக்கிறவன். எட்வேட் வீட்டுக்காகச் சேமித்தார். அந்த வீட்டை நாங்கள் இன்னும் கண்ணால் கண்டதில்லை, எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனாலும் தேத்தண்ணி குடிக்க இருந்தால் அதுவும் எங்களோடு வந்து குந்திவிடும். ஒரு தேயிலைப் பையைக் காலையில் போட்டு, பின்னேரம் அதையே திரும்பவும் போடுவார். இரண்டாம் தரம் போட்டது எனக்கு. "உமக்குச் சாயம் கூடினால் நித்திரை வராது," என்பார். என்ன கரிசனை பாருங்கள்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் ஒற்றை அறை வீடு. கலியாணம் முடிந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. கட்டில் இல்லை, நிலத்தில் மெத்தை. கட்டிலை வீடு வாங்கிய பிறகு வாங்கலாமாம். லைற்றும் ஹீற்றும் தண்ணீரும் வாடகைக்குள்ளே அடக்கம் என்பதால் அந்த மூன்றிலும் மட்டும் நாங்கள் ராசா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வாழ்ந்தோம். புரட்டாதியில் ஒருதரம் கட்டடம் முழுக்கச் சுடுதண்ணீர் நின்றுபோனது. எட்வேட் பெரிய சட்டிகளில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தந்தார். அதோடு விட்டாரா? ஒவ்வொரு நாளும் கீழே இறங்கிப்போய், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பரின்டென்ட் ஹலீனாவிடம் வாடகையில் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தார். ஹலீனா போலந்துக்காரி, ஆள் வாட்டசாட்டம். அவளே அவரைக் கண்டால் ஒளிக்கத் தொடங்கினாள்.

அடுத்த மாதம் எட்வேட்டுக்கு வடக்கே தூரத்துச் சட்பரியில் ஒரு ஹொட்டல் குசினியில் சமையல் வேலை கிடைத்தது. "சாப்பாடும் படுக்கையும் சும்மா," என்று பூசையில் சுவிசேஷம் வாசிக்கிற மாதிரிச் சொன்னார். புதுப் பெண்சாதியை ஒன்பதாம் மாடியில் விட்டுவிட்டுப் போகிறோமே என்று ஒரு சொல் இல்லை. "ஆறு மாசம்தானே, கண்ணை மூடித் திறக்க முடிஞ்சிடும்." கண்ணை மூடித் திறக்கிறவள் நான் அல்லவா.

இனிப் போன் கதைக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் போன் பேசுவதென்றால் நிமிசத்துக்கு நிமிசம் காசு. எட்வேட் ஒரு வழி சொன்னார். கலெக்ட் கோல் எடுத்தால், எடுக்கிறவரின் பேரை ஒரு மெசின் கேட்கும். அவர் பேர் சொன்னதும் மெசின் அந்தக் குரலை மற்றப் பக்கத்துக்குப் போட்டுக்காட்டி, காசு கட்டிப் பேச உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கும். சம்மதம் என்றால் ஒன்றை அமத்த வேண்டும், இல்லையென்றால் இரண்டை. இரண்டை அமத்தினால் ஒருத்தருக்கும் செலவில்லை.

"பேர் சொல்லுற இடத்தில நான் சேதியைச் சொல்லுவன். நீர் கேட்டிட்டு ரெண்டை அமத்தும்."

இது அவர் கண்டுபிடித்ததில்லை. எங்கள் சனத்தில் பாதிப்பேர் இதைச் செய்தார்கள். மற்றவர்கள் "வந்து சேர்ந்திட்டன்" என்று ஒருதரம் சொல்லத்தான் இதைச் செய்தார்கள். எட்வேட் அதிலேயே குடும்பம் நடத்தினார்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றப் போன் அடிக்கும். மெசின்காரி இங்கிலீசில் தொடங்குவாள். நடுவில் எட்வேட்டின் குரல் ஒரே மூச்சில் ஓடும்: "சுகம்தான்-குளிர்-சம்பளம்-பாங்கில-போட்டாச்சு." மூன்று நான்கு வினாடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மெசின் வெட்டிவிடும். நான் இரண்டை அமத்துவேன். அவருக்கு என் குரல் கேட்காது. மாட்டேன் என்று மெசின் சொல்வதுதான் கேட்கும். தினமும் என் புருசன் என்னைக் கூப்பிடுவார், நான் மாட்டேன் என்பேன். இப்படித்தான் எங்கள் தாம்பத்தியம் நடந்தது.

மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு யாரோ ஒருவரின் வான் வண்டியில் ஓசியில் வந்து மூன்று நாள் நின்றுவிட்டுப் போனார். மாசியில் எனக்குத் தலைச்சுற்றும் ஓங்காளமும் சத்தியும் தொடங்கியது. டொக்டர் பார்த்துவிட்டுப் பிள்ளைதான் என்றார். கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் வந்தேன். வழி முழுக்க யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது, பக்கத்தில் இருந்த சீனக் கிழவியிடமாவது. ஆனால் முதலில் கேட்க வேண்டியவர் அவரல்லவா என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று திங்கட்கிழமை. பின்னேரம் போன் வந்தது. "இன்னும்-ஆறு-மாசம்-நிக்கக்-கேக்கினம்-வெள்ளி-கையெழுத்து."

இன்னும் ஆறு மாதம் என்றால் பிள்ளை பிறந்த பிறகுதான் மனிசன் திரும்புவார். சத்தி எடுத்து எடுத்து நான் ஒருத்தியாய் இந்த ஒன்பதாம் மாடியில் கிடக்க வேண்டும். விசயம் தெரிந்தால் அவர் கையெழுத்து வைக்கமாட்டார் என்று நம்பினேன். வெள்ளிக்கு முதல் சொல்லிவிட வேண்டும். கடிதம் போடலாமே என்பீர்கள். கடிதம் போய்ச்சேர வெள்ளி தாண்டிவிடும்.

செவ்வாய் பின்னேரம் மெசின் கேட்டதும் துணிந்து ஒன்றை அமத்தினேன்.

"இஞ்சேருங்கோ," என்றேன்.

"என்ன எடுத்திட்டீர்? ஆராவது செத்துப்போச்சினமோ?"

"இல்லை, அது..."

"அப்ப ஏன் எடுத்தனீர்? காசு ஓடுது, வையும், வையும்." வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைத் தூக்கி எறிந்திருப்பேன், புதுப் போனுக்கும் காசு வேண்டுமே என்று விட்டேன். பார்த்தீர்களா, எனக்கும் தொற்றிவிட்டது.

புதன்கிழமை நானே எட்வேட்டும் மற்றக் குசினி ஆட்களும் தங்கியிருந்த வீட்டுக்குக் கலெக்ட் கோல் எடுத்தேன். சேதியை நான்கு வினாடிக்குள் சொல்ல வேண்டும். அந்த மெசினிடம் போய்க் கர்ப்பம், பிள்ளை என்றெல்லாம் சொல்ல வாய் கூசியது. எங்கள் ஊரில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்றால் "அவ முழுகாமல் இருக்கிறா" என்பார்கள். அழகான, மரியாதையான சொல். மெசின் பேர் கேட்டது. "முழுகாமல் இருக்கிறன்," என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மறுபக்கத்தில் எட்வேட் சொல்லிவைத்தபடி இரண்டை அமத்தினார். சேதி போய்விட்டது, இனி மனிசன் துள்ளிக் குதிப்பார், அழுவார், காசைப் பாராமல் கூப்பிடுவார் என்று போனடியிலேயே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடித்தது. மெசின்காரி பேசினாள். நடுவில் எட்வேட்:

"சுப்பரின்டென்டிட்டச் சொல்லும்."

முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சுடுதண்ணீர் இல்லாமல் நான் முழுகாமல், அதாவது குளிக்காமல், இருக்கிறேனாம். எட்வேட்டுக்குச் சின்ன வயதிலேயே தாய் இல்லை. கூடப்பிறந்ததெல்லாம் ஆண்கள், வளர்ந்தது பள்ளிக்கூடப் போர்டிங்கில். பெண்கள் குசினிக்குள் பேசுகிற பேச்சு அந்தக் காதில் எப்போது விழுந்திருக்கும்? மாதாவே, இப்படியும் ஒரு மனிசனை எனக்கென்று வைத்திருந்தாயா என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டு இருக்கவே அழுகை வந்துவிட்டது.

வியாழன் காலை வேலைக்குப் போகவில்லை. சரி, புருசன் சொல்லைத் தட்டக்கூடாது என்று கீழே ஒஃபீசுக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஹலீனா எழும்பி நின்றாள்.

"தண்ணீர் நல்ல சூடு. நானே பார்த்தேன்," என்றாள் தன் இங்கிலீசில்.

"தண்ணீருக்கு வரவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. உங்களிடம் சொல்லச்சொல்லி என் புருசன் சொன்னார்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சிகரெட் மணமும் வெங்காய மணமும். நத்தாருக்குப் பிறகு என்னை ஒருத்தர் தொட்டது அன்றுதான். அவள் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.

"அவருக்கு நல்ல சந்தோசமோ?"

"அவருக்கு இன்னும் தெரியாது."

"எனக்குச் சொல்லச்சொன்னார், ஆனால் அவருக்குத் தெரியாதா?"

முழுக் கதையையும் சொன்னேன். ஹலீனா நம்பரை வாங்கி, ஒஃபீஸ் போனில் நேராக அடித்தாள். எட்வேட் எடுத்ததும் கத்தினாள்: "மிஸ்ரர் எட்வேட், தண்ணீர் சூடு. ஒவ்வொரு நாளும் சூடு. உன் மனைவிக்குப் பிள்ளை." போனை என் கையில் தந்துவிட்டாள்.

எட்வேட்டின் குரல் சின்னதாக வந்தது.

"அன்ரனெற், மெய்யே?"

"மெய்தான்."

"அப்ப நேற்று முழுகாமல் எண்டது..."

"ஓம். அதுதான்."

மூச்சு மட்டும் கேட்டது. மனிசன் அழுகிறார் என்று நினைத்தேன்.

"இது ஆரின்ர போன்?" என்று கேட்டார்.

"ஒஃபீஸ் போன்."

"அப்ப வடிவாய் இருந்து கதையும். எப்பிடி இருக்கிறீர்?"

இத்தனை மாதத்தில் முதல் தரமாகக் கேட்கிறார். நான் வாயைத் திறக்கமுன்னம் அவரே தொடர்ந்தார். "நல்ல காலம் இப்ப சொன்னீர். கையெழுத்து வைக்கிறதோ விடுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். இனி யோசினை இல்லை. பிள்ளைக்கும் காசு வேணும்தானே. நாளைக்கு வைச்சிடுறன்."

நான் போனை வைத்துவிட்டேன்.

"கட் ஆகிவிட்டதா?" என்றாள் ஹலீனா.

"ஓம்," என்றேன்.

பின்னேரம் போன் அடித்தது. மெசின்காரிக்கு நடுவில் "எட்வேட்" என்று ஒரு குரல். அவ்வளவுதான். பேர் சொல்லும் இடத்தில் மனிசன் பேரைச் சொன்னது அன்றுதான். இரண்டை அமத்தினேன். அதுவரை அவர் சொல்லி அமத்தினேன், அன்று எனக்காக அமத்தினேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் அடித்தது. "கோவமோ? எடும், அன்ரனெற்." எடுக்கட்டாம். காசு ஓடாதோ? இரண்டை அமத்தினேன். பிறகு போன் அடிக்கவில்லை. சோறு வடித்தேன், வாய்க்கு வைக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலையில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்நேரம் கையெழுத்து வைத்திருப்பார், இந்நேரம் வைத்திருப்பார் என்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னேரம் வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் போனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அடித்தது. மெசின்காரி தொடங்கினாள். நடுவில் எட்வேட், இந்த முறை அவதி அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாக:

"கையெழுத்து வைக்கேல்லை. நாளைக்குப் பஸ்ஸில வாறன்."

பஸ்ஸிலாம். ஓசி வானில் இல்லை, ரிக்கெற் எடுத்து, காசு கொடுத்து. கண்ணீர் பொலபொலவென்று வந்தது. சம்மதமா என்று மெசின்காரி கேட்டாள். என் விரல் ஒன்றுக்கு மேலே போய் நின்றது.

பிறகு யோசித்தேன். கேட்க வேண்டியது எல்லாம் கேட்டாயிற்று, இனிக் காசு கொடுத்துக் கேட்க என்ன இருக்கிறது? இரண்டை அமத்திவிட்டு, அவருக்கும் சேர்த்து அரிசி போட எழுந்து போனேன், அவர் வர இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்பதை மறந்து.