மஸ்கட்டுக்குப் போன வீடு

வேதகிரி மஸ்கட்டில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்த எண்பத்திரண்டாம் வருஷத்தில், பெருநகர் கிராமத்துக்கு வெளியே அவன் வீடு அவனில்லாமலே எழும்பி நின்றது. கூரைக் குடிசை இருந்த இடத்தில் தளம் போட்ட வீடு. கொத்தனாரை விரட்டியதும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவன் மனைவி பவளம்தான். லீவு கிடைக்கும்வரை அவன் அதைப் பார்க்காமலிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

உத்திரமேரூர் ஸ்டுடியோக்காரர் கிருஷ்ணசாமியை வரவழைத்தாள். அவர் பழக்கப்படி, "வாசப்படியில நில்லும்மா. புள்ளைங்களையும் கூப்பிடு" என்றார்.

"வாணாம் சார். ஆளே இல்லாம எடுக்கணும்."

"ஆளில்லாத வூட்ட எடுத்து இன்னா பண்ணப் போற?"

பவளம் யோசித்தாள். "நாங்க நின்னா அவரு எங்களத்தான் பாப்பாரு. காலியா இருந்தா உள்ள வருவாரு."

கிருஷ்ணசாமி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து இறங்கினால் வேதகிரி எப்படி நடந்து வருவானோ, அதே வழியில் அவரைக் கூட்டிப்போனாள். புளியமரம், வேலிப் படல், கதவு, கூடம், அடுப்படி, மொட்டைமாடி. அடுப்படிக்குக் காலை வெயில்தான் சரி, வாசலுக்குச் சாயங்கால வெயில் என்றார் அவர்.

"அப்ப நாளைக்கு முழுக்க இங்கியே இருங்க. சோறு நான் போடறேன்."

மறுநாள் பிள்ளைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மதியத்துக்கு மேல் மேகம் கூடியது. அவர் வெளியே கேமரா ஸ்டாண்டருகில் காத்திருக்க, வேலையில்லாமல் அந்த வீட்டில் முதல்முறையாக அவள் உட்கார்ந்தாள். மேகம் விலகும்போதெல்லாம் ஜன்னல் வெளிச்சம் சிமெண்டுத் தரையில் தண்ணீர்போலப் பரவி, பிறகு வற்றியது. அடுத்த அறையில் யாரோ சட்டை மாற்றிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும் என்று அவள் திரும்பவில்லை.

படங்கள் தபாலில் போயின. சில மாதங்கள் கழித்து, வேதகிரியோடு ஒரே அறையில் தங்கியிருந்த தாமல் ஊர்க்காரன் முத்துவேல், லீவில் வந்தவன், அவளைத் தேடி வந்தான்.

"மாடிப் படத்த செவுத்துல ஒட்டி வச்சிக்கீறோம் அண்ணி. வெக்கையில தூக்கம் வராது. அதப் பாத்துக்கினே படுத்தா, நம்மூரு மாடியில காத்து வாங்கறாப்பல கீது. ரூம்ல எல்லாரும் உங்க வூட்லதான் தூங்கறோம்."

"அவரு?"

"அண்ணன் கதவுப் படத்த யாருக்கும் தர்றதில்ல. சட்டப் பையிலயே வச்சிக்கினு கீறாரு."

பவளம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முத்துவேல் தயங்கினான். "ரூம் பசங்க ஒண்ணு கேட்டாங்க அண்ணி. மழை பெய்யறப்ப இந்த வூட்ட எடுத்து அனுப்ப முடியுமான்னு."

ஐப்பசியில் கிருஷ்ணசாமி மறுபடி வந்தார். மழை பிடித்துக்கொண்டது. பவளம் குடையைக் கேமராவுக்கு மேல் பிடித்தாள், இருவரும் நனைந்தார்கள். மாடித் தண்ணீர் குழாய் வழியே கொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தச் சத்தம் படத்துல வருமா சார்?"

வராது என்று சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துப் பாக்கறேம்மா" என்றார்.