எஸ்தரின் கீழ்க்குரல்

பழனி, தனசேகரனுக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய். பெரிய காஞ்சிபுரத்தில் பழனி வைத்திருக்கும் செல்போன் கடைக்குப் பொங்கலுக்குப் பட்டறை லீவு விட்ட சமயத்தில் தனசேகரன் பெயிண்ட் அடித்த கூலி அது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லியே ஆடி மாசம் வந்துவிட்டது. கடைசியில் பழனியே ஒரு வழி சொன்னான்.

"காசா கேட்டா இல்லபா. கடையில இருக்குற இயர்போன்ல புடிச்சத எடுத்துக்கோ. கணக்கு தீர்ந்துடும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு மனைவி எஸ்தரையும் கூட்டிக்கொண்டு தனசேகரன் கடைக்கு வந்தான். அவனிடம் இருந்த பழைய இயர்போன் பிளாட்பாரச் சரக்கு, ஒரு பக்கம் செத்தே போயிருந்தது. ஆனால் அவனை அரித்தது வேறு கவலை. ஏனாத்தூர் சபையின் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குப் பாடியதைப் போனில் பதிந்து வைத்திருந்தார்கள். எஸ்தர் அதில் கீழ்க்குரல், மற்றவர்களுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் பாடுபவள். எத்தனை தடவை போட்டாலும் அவள் குரல் மட்டும் அவனுக்கு அகப்படவில்லை. பட்டு நூல் முறுக்கும் பட்டறையின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்றவன் அவன். குரல் கேட்கவில்லை என்று எஸ்தரிடம் சொன்னவன், காது போய்விட்டதோ என்ற பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. நல்ல இயர்போனிலும் கேட்காவிட்டால் பயம் உண்மையாகிவிடும்.

பழனி ஒரு டப்பாவைப் பிரித்தான். "இத்தப் பாரு. பேஸ் நெஞ்சுல வந்து குத்தும்."

தனசேகரன் அதைத் தன் போனில் சொருகி, சபைப் பாட்டைப் போட்டுக் கேட்டான். "டிரம்மு நல்லாத்தான் இருக்குது. பாடுறவங்கல்லாம் எங்க போயிட்டாங்க?"

"டிரம்முக்குள்ள உக்காந்து பாடிக்கினு இருக்கோம்," என்றாள் எஸ்தர்.

அடுத்தது பகட்டில்லாத சாமான். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றி மாட்ட வேண்டும். விலை ஆயிரத்து இருநூற்று ஐம்பது. கீபோர்டு தனியாகக் கேட்டது, மேல்குரல்கள் தனியாகக் கேட்டன. கூடவே தெருவில் போகும் பஸ்ஸும் கேட்டது. எஸ்தரை மட்டும் காணோம். அவன் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா ஆச்சு?" என்றாள் எஸ்தர்.

"ஒண்ணும் இல்ல."

தலையை ஆட்டியதும் இயர்போன் காதிலிருந்து நழுவியது. பழனி இருப்பதிலேயே பெரிய ரப்பரை மாட்டிக் கொடுத்தான். அதுவும் நிற்கவில்லை.

"உனக்கு இருக்குறது காதா, குகையாபா?"

"பட்டறையில தெனம் கழிவுப் பட்டு நூலை உருட்டி உருட்டி காதுல அடைக்கிறாரு. ஓட்டை பெருசாவாம இன்னா ஆவும்?" என்றாள் எஸ்தர்.

இரைச்சலுக்குப் பயந்து பட்டறையில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது. தனசேகரனின் கை சட்டைப் பைக்குப் போனது. ஒரு சின்ன நூல் உருண்டை எப்போதும் அதில் கிடக்கும். ரப்பரைக் கழற்றி, அது உட்காரும் குழாயில் அந்த நூலை நெருக்கமாகச் சுற்றி, மேலே ரப்பரைத் திரும்பவும் ஏற்றினான். இரண்டு காதிலும் திருகி அழுத்தினான்.

பஸ் சத்தம் அடங்கியது. பாட்டு வந்தது. மேல்குரல்களுக்குக் கீழே, இத்தனை நாள் ஒன்றுமே இல்லாதிருந்த இடத்தில், ஒரு குரல் அழுத்தமாக நடந்துகொண்டிருந்தது. அடுப்படியிலிருந்து அவனைக் கூப்பிடுகிற அதே குரல். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள் எஸ்தர், மெதுவாக.

"மூணாவது அடியில மூச்சு வாங்க லேட்டு பண்ணிட்ட."

"கேக்காத வரைக்கும் கேக்கலன்னு சொன்ன. கேட்டா இதுதான் கேக்குதா உனக்கு?" என்றாள். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் காதிலிருந்து பிடுங்கித் தானும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் இதே மாதிரி ஒண்ணு."

பழனி கால்குலேட்டரைத் தட்டினான். "ரெண்டும் சேத்து ரெண்டாயிரத்து ஐநூறு. இப்போ நீதான்பா எனக்கு அம்பது ரூபா தரணும்."

"அதுக்கென்ன," என்றான் தனசேகரன். "அடுத்த வாரம் தரேன்."

பழனி இரண்டு டப்பாவையும் பையில் போட்டு நீட்டினான்.

"தள்ளுபடி. எடுத்துக்கினு கெளம்பு."