முழுகாம இருக்கணும்

அசரியாவின் கடையில் எல்லாச் சேதியும் ஒரே இயந்திரத்தில்தான் அச்சாகும். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி. ஃப்ளெக்ஸ் வெளியே வரும்போது எல்லாமே ஒரே நாற்றம் அடிக்கும். இரும்புலியூரில் அந்தக் கடைக்கு நல்ல பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இருக்காது, முகத்தை ரொம்ப வெள்ளையாக்க மாட்டான் என்பார்கள். இப்போதும் பிழை இருப்பதில்லை. முகத்தை எவ்வளவு வெள்ளையாக்கச் சொன்னாலும் ஆக்கிக் கொடுத்துவிடுகிறான்.

அவன் மனைவி ஜோசலின் போய் இரண்டாவது மழைக்காலம் வரப்போகிறது. அவளுடைய வளைகாப்பு அழைப்பிதழையும் அஞ்சலிப் பதாகையையும் அவனேதான் செய்தான். இரண்டுக்கும் ஒரே படம். அழைப்பிதழின் பின்னணி மாம்பழ மஞ்சள். அதைச் சாம்பல் நிறமாக்க ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் மூன்று பெண்கள் கடைக்குள் வந்து மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டார்கள்.

"ஒரு பேனர் வேணும் தம்பி. ஆனா ஃப்ளெக்ஸ் வேணாம்," என்றார் லோகநாயகி. டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்றவர்.

"இது ஃப்ளெக்ஸ் கடைங்க."

"தெரியுது. பிளாஸ்டிக்க தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பூமி சூடாகுதுன்னு சொன்னா, நாய்கூட நின்னு கேக்காது."

பின்னால் நின்ற காந்திமதி ஒரு வெள்ளைப் பருத்திப் புடவையை மேசைமேல் போட்டார். "இதுல எழுதிக் குடு. இன்னா பாக்கற? என்னோட புடவதான். தோச்சிதான் கீது."

அவன் பார்த்தது புடவையை அல்ல. காந்திமதியின் முகத்தைப் பார்க்காமலிருக்க வேறு எங்காவது பார்க்க வேண்டியிருந்தது. எதிர்வீடு. வாசலில் இட்லி மாவு விற்பவர். வெள்ளம் வந்த அன்று அவனோடும் ஜோசலினோடும் மொட்டைமாடியில் இருந்தவர். அதற்குப் பிறகு அவன் மாவு வாங்குவதை நிறுத்திவிட்டான். காந்திமதியும் ஏன் என்று கேட்கவில்லை.

மூன்றாமவர் ரத்தினபாய் டீச்சர். எழுத வேண்டியதை அவர்தான் ஒரு துண்டுத்தாளில் எழுதி வந்திருந்தார். அவன் போகும் சர்ச்சுக்குத்தான் வருவார். அவன் போய்க்கொண்டிருந்த சர்ச்சுக்கு.

சங்கத்தின் பெயர் 'வரப்போறவங்க சங்கம்'. அறுபது தாண்டிய பெண்கள் மட்டும். ராத்திரி முழுக்கச் சுவர் சுட்ட ஒரு கோடையில், மாடியில் பாய் போட்டுப் படுத்தபடி பேசிப் பேசி ஆரம்பித்தது. வெயில் ஏறிக்கொண்டே போகிறது, மழை வந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது, இனிமேல் இப்படித்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஏரியின் போக்குக்கால்வாயை அகலப்படுத்துங்கள், கரையில் கட்டடம் வேண்டாம், மரம் வையுங்கள் என்று தெருத்தெருவாய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 'உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல' என்று கேட்டவர்களிடம் லோகநாயகி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "எங்களுக்கு ஒண்ணும் வேணாம். அதனாலதான் சத்தமா கேக்க முடியுது."

அடுத்த வாரம் வார்டு கூட்டம். அதிகாரி வருகிறார். அதற்குத்தான் பேனர்.

அன்று மாலை அசரியா அட்டையில் எழுத்துகளை வெட்டி, புடவையை விரித்து, நீலப் பெயிண்ட் தடவினான். கையால் எழுதி ரொம்ப நாளாயிருந்தது. டீச்சரின் தாளில் 'எங்க பேரப்பசங்க காலத்துலயும் இந்த ஊர் முழுகாம இருக்கணும்' என்று இருந்தது. கை பாதியில் நின்றது. பிறகு பிழையைத் திருத்தினான். 'மூழ்காமல்' என்று வெட்டினான்.

மறுநாள் வந்து பார்த்த டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "நான் முழுகாமன்னுல்ல எழுதினேன்?"

"மாத்திட்டேன் டீச்சர். அதுக்கு வேற அர்த்தம் வருது."

"என்ன வேற அர்த்தம்?"

அவன் பெயிண்ட் டப்பாவை மூடினான். காந்திமதிதான் முதலில் பிடித்துக்கொண்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "ஐயே டீச்சரே! முழுகாம கீறான்னா இன்னா? மாசமா கீறான்னு அர்த்தம். ஊரே மாசமா இருக்கணும்னு எழுதிக் குடுத்துகீறியே!"

"நான் கணக்கு டீச்சர்!" என்றார் ரத்தினபாய். முகம் சிவந்துவிட்டது. "தமிழ் டீச்சர் இல்ல!"

"ஊரே முழுகாம இருந்தா பிரசவம் யாரு பாக்கறதாம்?" லோகநாயகியும் சிரித்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். "இரு. அதுவே இருக்கட்டுமே."

"எது?"

"டீச்சர் எழுதினதே. தண்ணியில முழுகக் கூடாது. பொறக்கப்போற புள்ளைங்களுக்காகத்தானே கேக்கறோம்? அப்ப ஊர் முழுகாமத்தானே இருக்கு? ரெண்டு அர்த்தமும் சரிதான். கூட்டத்துக்கு வளையல் எடுத்துட்டுப் போவோம். பேனர்ல கட்டுவோம். ஊருக்கு வளைகாப்பு!"

"எங்க சபையில வளைகாப்பெல்லாம்..." என்று ஆரம்பித்த டீச்சர், அசரியாவைப் பார்த்துப் பாதியில் விட்டார். சிரிப்பு ஒவ்வொருவராய் அடங்கியது.

"வேணாம்," என்றார் காந்திமதி மெதுவாக. "அவன் எழுதினதே இருக்கட்டும். நல்லாத்தான் கீது."

அசரியா துணியைச் சுருட்டினான். "புடவையோட பின்பக்கம் காலியா இருக்கு. எழுதித் தரேன்," என்றான்.

அவன் குரலில் ஒன்றும் இல்லை.

ஜோசலின் வெள்ளத்தில் சாகவில்லை. வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்ததில் செத்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. காலையில் லேசாக ரத்தம் பட்டது. தெருவில் இடுப்புக்கு மேல் தண்ணீர். போன் இல்லை, மின்சாரம் இல்லை. மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் காந்திமதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். படகு வந்துகொண்டிருக்கிறது என்று யாரோ பக்கத்து மாடியிலிருந்து கத்தினார்கள். வந்தது. இருட்டிய பிறகு வந்தது. மருத்துவமனைச் சான்றிதழில் இறப்புக்குக் காரணம் ரத்தப்போக்கு. மழை என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அதனால் அந்தப் பகுதியின் அறிக்கையில் உயிர்ச்சேதம் இல்லை என்றே இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் அதிகாரிகள் அதைச் சொன்னார்கள். உயிர் போன இடங்களில் வேலை முதலில், மற்ற இடங்கள் அப்புறம். இது அசரியாவுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவன் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. ஒருமுறைகூட. கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லி முடித்திருப்பான்.

கூட்டம் சமுதாய நலக்கூடத்தில். பேனரைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் போனான். வாசலில் லோகநாயகி இரண்டு கம்புகளோடு நின்றிருந்தார்.

"ஒரு பக்கம் நான் பிடிச்சுக்குவேன். இன்னொரு பக்கம் பிடிக்கிறவங்களுக்கு முட்டி வலி, வரல. கொஞ்சம் பிடிப்பா. பேச வேணாம், சும்மா நில்லு."

பிடித்தான். 'முழுகாம' என்று புதிதாக எழுதிய பக்கம் முன்னால் இருந்தது. புடவையின் மேல்விளிம்பில் வரிசையாகக் கண்ணாடி வளையல்கள் தொங்கின. பச்சையும் சிவப்பும். கை அசைந்தபோதெல்லாம் சத்தம் கேட்டது. கையை அசைக்காமல் நின்றான்.

வந்திருந்த பொறியாளர் நாற்பது வயதுக்காரர். காலையிலிருந்து இது மூன்றாவது கூட்டமாம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லோகநாயகி பேசினார். கால்வாய், கரை, மரம், வெயில், அடுத்த முப்பது வருஷம். பொறியாளர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"நியாயம்தான் மேடம். ஆனா உங்க ஏரியா முதல் லிஸ்ட்ல இல்ல. போன வெள்ளத்துல இங்க உயிர்ச்சேதம் எதுவும் ஆகல. உயிர் போன எடத்துலதான் முதல்ல செய்யச் சொல்லி ஆர்டர்."

காந்திமதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பொறியாளரைப் பார்க்கவில்லை, அசரியாவையும் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு ஓய்ந்தது. பொறியாளர் தண்ணீர் குடித்துவிட்டு, அப்போதுதான் பேனரை முழுதாகப் படித்தார். உதடு கொஞ்சம் விரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. கூட்டத்தின் இறுக்கத்தைத் தளர்த்த நினைத்திருக்கலாம்.

"என்னம்மா இது, முழுகாம இருக்கணும்னு போட்டிருக்கீங்க! யாரும்மா இங்க முழுகாம இருக்கறது?"

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

"என் வைஃப் இருந்தா சார்," என்றான் அசரியா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கூடம் சின்னது.

"இதே தெருதான். ஆறு மாசம். மாடியில இருந்தோம். படகு வர்றதுக்கு ராத்திரி ஆயிடுச்சு."

பொறியாளரின் முகம் மாறியது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்திருந்தார். "சாரி சார். எனக்குத் தெரியாது. ரெக்கார்டுல..."

"இருக்காது சார். சர்டிபிகேட்ல ரத்தப்போக்குன்னு போட்டிருக்கு."

"நான் கூட இருந்தேன்," என்று எழுந்தார் காந்திமதி. "எம்மடியிலதான் படுத்துகினு இருந்துச்சு. எழுதிக்க சார். எங்க வேணா வந்து சொல்றேன்."

ரத்தினபாய் டீச்சர் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். பொறியாளர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"பேர் சொல்லுங்க சார்."

"ஜோசலின்."

எழுதினார். எழுத்துச் சரியா என்று தாளைத் திருப்பிக் காட்டினார். சரியாக இருந்தது.

"பதிவை மாத்தணும்னு மேல அனுப்பறேன். எப்ப ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அனுப்பறேன்." தாளில் அடுத்த கட்டத்துக்கு வந்தார். "உயிரிழப்பு, ஒண்ணுன்னு போட்டுக்கவா?"

வளையல்கள் லேசாக ஒலித்தன. லோகநாயகி பிடித்திருந்த பக்கம் அசையவில்லை. அவன் பக்கம்தான்.

"ரெண்டு," என்றான் அசரியா.

கம்பைப் பிடித்திருந்த கை வலிப்பது அப்போதுதான் தெரிந்தது. ரொம்ப நேரமாகவே வலித்திருக்க வேண்டும். மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டான்.