இருபத்தேழாம் எலி ரிங்லெட்டுக்குப் போன கதை

1.
முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, கடிதமாகப் பிறந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டோர் காவலாளி பக்கிரிசாமி என்னை எழுதச் சொன்ன கடிதம். அனுப்புநர், பெறுநர், தேதி எல்லாம் முறைப்படி போட்டேன். அதற்கடுத்த வரியிலேயே பொய்.

கதையாக்கியபோது எழுதிய தொடக்கம்: ‘மலை முகட்டில் மூடுபனி மெல்ல’

(வேண்டாம். எலிக்கு எதற்கு மூடுபனி?)

2.
காட்டெலிகளிடையே வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று பார்க்க ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. எலியைப் பிடித்து, ரத்தம் எடுத்து, காதில் எண் தகடு மாட்டி, திரும்ப விட்டுவிடுவார்கள். தகடு மாட்டிய எலியைக் கொல்லக் கூடாது, தொடக் கூடாது, பார்த்த இடத்தை மட்டும் சொல்ல வேண்டும் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

(பிடித்த எலியை விடுவதா! முப்பது வருடம் ஸ்டோரில் எலி அடித்தவரின் மனநிலையை அரைப்பக்கம் எழுதி, அடித்துவிட்டேன்.)

வியாழக்கிழமை, உர மூட்டை இடுக்கில் ஓர் எலி. பக்கிரிசாமியின் கை தானாகத் துடைப்பக்கட்டையை எடுத்தது. அடித்த பிறகுதான் தகடு கண்ணில் பட்டது: 27. வெறுங்கையால் தகட்டைக் கழற்றி, எலியைப் புதைத்தார்.

3.
“இங்க தேடாம இருக்கணும். இருபத்தேழு ரிங்லெட் டவுன் பக்கம் போச்சுன்னு எழுதுங்க சார்.”

“அவ்ளோ தூரம் எலி எப்படிய்யா போகும்?”

“காய்கறி லோரியில ஏறிப் போயிருக்கும் லா. கையெழுத்துப் போட்டிருக்கேன் சார், துரைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்.”

எழுதினேன். ஆய்வுக் குழுவுக்கு ஒரே பரபரப்பு. வைரஸ் லோரி ஏறுகிறதென்றால் சும்மாவா? ரிங்லெட்டில் நாற்பது கூண்டுகள் வைத்தார்கள்.

4.
எலியை அடித்த பன்னிரண்டாம் நாள் பக்கிரிசாமிக்குக் காய்ச்சல்.

(அடிக்குறிப்பு: இந்த மாதிரி வைரஸ் பல சமயம் எலியை ஒன்றும் செய்யாது. எலியின் மூத்திரம், புழுக்கை, எச்சில் வழியாகவும், அவை காய்ந்த தூசியை மூச்சில் இழுப்பதாலும் மனிதனுக்கு வரலாம். எல்லாக் காய்ச்சலும் எலியால் வருவதில்லை. ஆனால் சொன்னால்தானே டாக்டர் தேடுவார்?)

“டாக்டர்கிட்ட மழையில நனைஞ்சேன்னு சொல்லப் போறீங்களா?” என்றாள் அவர் மனைவி மலர். “அந்தத் தகட ஏன் சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கீங்க?”

“தூக்கிப் போட மனசு வரல. கவர்மெண்டு சாமான் லா.”

5.
முடிவு (அ): உண்மையைச் சொல்கிறார், பிழைக்கிறார். ரொம்பச் சுத்தம், அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

முடிவு (ஆ): சொல்லவில்லை, மூச்சுத் திணறி

(இதை எழுத மாட்டேன்.)

ஆகவே கிளினிக்கில் நிறுத்துகிறேன். மலர் வெளியே பதிவு செய்துகொண்டிருக்கிறாள். டாக்டர் கேட்கிறார்: “எலி கிலி ஏதாச்சும் தொட்டீங்களா ஐயா?”

பக்கிரிசாமி கூரையைப் பார்க்கிறார்.

ஏற்கெனவே அவருக்காக ஒரு பொய் எழுதியவன் நான். என் பேச்சு இனி எடுபடாது. பக்கத்து நாற்காலியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள். அவர் விலாவில் ஓர் இடி இடியுங்கள்.