எழுதியவர் எழுந்து நிற்கவும்

சனிக்கிழமை மதியம் வரைக்கும், கச்சேரிக்குப் போகலாமா வேண்டாமா என்று ஹெடிக்கு ஒரே குழப்பம்தான். கோர்டுலா வைஸ் வியன்னாவில் வாசிக்கப் போகிறாள் என்று பிப்ரவரியிலேயே டிராம் நிறுத்தங்களில் எல்லாம் அவள் முகத்தை ஒட்டிவிட்டார்கள். சனிக்கிழமை மூன்றரைக்கு ஒரு தடவை, ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அதே நிகழ்ச்சி மறுபடியும். முதல் பாதியில் மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோ. பின்னால் உட்கார்ந்து வாசிக்கிற இசைக்குழுவில் பஸூன் என்கிற நீளக் குழலை இரண்டாவது ஆளாக ஊதுகிறவன் ஹெடியின் கணவன் எங்கல்பெர்ட்.

படிக்கிற காலத்தில் ஹெடியும் கோர்டுலாவும் ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே பியானோவில் மாற்றி மாற்றி உட்கார்ந்தவர்கள். கடைசிப் பரீட்சைக் கச்சேரியில் ஹெடிக்கு மேடையில் கை நடுங்கிப்போய், ஒரு சுரம்கூடத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள். கோர்டுலா பரிசு வாங்கிக்கொண்டு லண்டன் போனாள். போனவள் போனவள்தான். ஒரு கடிதம் உண்டா, ஒரு போன் உண்டா? முப்பத்தாறு வருஷம். ஹெடி ஒரு பாலே பள்ளியில் பியானோக்காரியாகச் சேர்ந்து, குழந்தைகள் காலைத் தூக்கி இறக்குவதற்கு வாசித்தே தலை நரைத்துப் போனாள்.

இருந்தாலும் அவளுக்கு ஆசை. கோர்டுலாவின் விரல்களை ஒரு தடவை நேரில் பார்க்கவேண்டும். இசைத்தட்டில் விரலா தெரிகிறது? எங்கல்பெர்ட்தான் வேண்டாம் என்றான். அதுவும் எவ்வளவு பாந்தமாகச் சொன்னான் தெரியுமா! அவள் உன்னை மதிக்கவே இல்லை, நீ போய் ஏன் மனசைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டும், பழசைக் கிளறினால் உனக்குத்தான் தூக்கம் போகும் என்று மூன்று வாரமாக, ரொட்டியில் வெண்ணெய் தடவித் தந்துகொண்டே சொன்னான். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவளும் உருகிப்போனாள். பைத்தியக்காரி.

அன்று மதியம் பாலே வகுப்பு இல்லை. டீச்சர் துஷெக் அம்மாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று பன்னிரண்டு மணிக்குப் போன் வந்தது. எங்கல்பெர்ட் அதற்குள் கிளம்பிப் போய்விட்டான். ஹெடி அவனுடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்து இஸ்திரி மேஜையில் விரித்தாள், ரேடியோவைத் திருகினாள். சனிக்கிழமைக் கச்சேரியை ரேடியோவில் நேரடியாகப் போடுவார்கள். நேரில் போகாவிட்டால் என்ன, காதாலாவது கேட்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

கோர்டுலா நன்றாகத்தான் வாசித்தாள். அதில் பொய் சொல்ல முடியாது. கான்செர்ட்டோவின் முதல் பகுதி முடிகிற சமயத்தில் இசைக்குழு ஓங்கி ஒலித்துச் சட்டென்று நின்றது. கடென்ஸா வரும் இடம். குழுவில் எல்லோரும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க, பியானோ மட்டும் இரண்டு நிமிடம் தனியாகப் பேசும். இந்தக் கான்செர்ட்டோவுக்கு மொஸார்ட் கடென்ஸா எழுதி வைக்காமல் போய்விட்டார். அவரவர், பிறர் எழுதியதில் பிடித்ததை வாசிப்பார்கள். தெம்பு உள்ளவர்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள். கோர்டுலா எதை வாசிக்கிறாள் பார்ப்போம் என்று ஹெடி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

முதல் நாலு சுரம் வந்தபோது தன் மனசுக்குள்தான் ஓடுகிறது என்று நினைத்தாள். ஐந்தாவதும் வந்தது. ஆறாவதும். நாலு வருஷத்துக்கு முன்னால் டிராம் நிறுத்தத்தில் பனியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தபோது, இடது கைக்கு மட்டும் என்று அவள் எழுதிச் சேர்த்த துண்டு ஒன்று உண்டு. அதுவும் வந்தது, ஒரு சுரம் பிசகாமல். இருபது வருஷம் அவள் எழுதி எழுதி அடித்துத் திருத்திய கடென்ஸா. பியானோ முக்காலியின் இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் மூடி வைத்திருந்த ஒரே பிரதி. அவள் அதை வாசித்துக் கேட்டவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

இடைவேளையில் கோர்டுலாவை ரேடியோக்காரர் பிடித்துக்கொண்டார். அந்தக் கடென்ஸா உங்களுடையதா, பிரமாதம் என்றார்.

"என்னோடதா? அந்த அளவுக்கு எனக்கு ஏது மூளை? இந்தக் குழுவுக்குள்ளயே ஒருத்தர் ஒளிஞ்சிருக்கார். ரெண்டாவது பஸூன், எங்கல்பெர்ட் ட்ரெக்ஸ்லர். கூச்ச சுபாவம். அச்சுல பேரே வரக் கூடாதுன்னுட்டார். நான் விடுவேனா? இப்ப கைதட்டினாங்களே, அவரைக் கைகாட்டி எழுப்பி நிக்க வெச்சுட்டேன். நாளைக்கும் நிக்க வைப்பேன்."

சட்டைக் காலர் கருகி நாற்றம் வந்த பிறகுதான் ஹெடி பெட்டியைத் தூக்கினாள். எப்போது மறுபடி கையில் எடுத்தாள், எப்போது காலர்மேல் வைத்தாள் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஆறு மணிக்கு எங்கல்பெர்ட் கசகசா கேக் பொட்டலத்தோடு உள்ளே வந்தான். முகம் அப்படியே பூரித்திருந்தது. குழந்தைகள் எல்லாம் ஒழுங்காக ஆடினார்களா என்று விசாரித்தான்.

"துஷெக்குக்கு இடுப்புப் பிடிப்பு. வகுப்பு இல்ல. ரேடியோ கேட்டேன்" என்றாள் ஹெடி.

அவன் பொட்டலத்தைக் கீழே வைக்க மறந்து நின்றான். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கக்கினான். போன இலையுதிர்காலத்தில் கோர்டுலா எந்தக் கடென்ஸாவை வாசிக்கலாம் என்று யோசிப்பதாகக் குழுவில் பேச்சு வந்ததாம். ஹெடி ஊருக்குப் போயிருந்த நாளில் இவன் முக்காலியைத் திறந்து நகல் எடுத்து அனுப்பினானாம். பெயர் எதுவும் எழுதவில்லையாம். நீங்கள் எழுதியதா என்று கோர்டுலா கேட்டாளாம். இல்லை என்று இவன் சொல்லவில்லையாம். அவ்வளவுதானாம். ஏதோ கை தவறிக் கோப்பை உடைந்துவிட்ட மாதிரி சொன்னான்.

"முப்பத்தோரு வருஷம், ஹெடி. உப்புக்குச் சப்பாணியா முதல் ஆளுக்குக் கீழ ஊதிட்டு உக்காந்திருக்கேன். குழுவை நடத்தறவருக்கு என் பேர்கூடத் தெரியாது. இந்த வாரம் ஒவ்வொருத்தனும் வந்து கையைக் குலுக்கறான். நீ அதை யாருக்கும் காட்டாமப் பூட்டித்தானே வெச்சிருந்த?"

"உனக்குக் காட்டினேனே" என்றாள் அவள்.

அவளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. திருடினதைக்கூட மன்னித்துவிடலாம். மூன்று வாரம் வெண்ணெய் தடவிக்கொண்டே, உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று அவளை வீட்டோடு கட்டிப்போடப் பார்த்தானே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? கோர்டுலாமேல் அவளுக்கு இருந்த பழைய காயத்தை எடுத்து, அதையே கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருக்கிறான். அவளுடைய காயம் எங்கே வலிக்கும் என்று இருபத்தொன்பது வருஷம் கூடவே படுத்து எழுந்தவனுக்குத் தெரியாதா என்ன.

ஜூனில் ஓய்வு பெறப் போகிறான். வெளியே தெரிந்தால் குழுவில் இருப்பவர்கள் முகத்தில் விழிக்க முடியாது என்று கெஞ்சினான். நாளைக்கு மட்டும் வராதே, உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றான். ஹெடி கேக்கை எடுத்துத் தட்டில் வைத்து அவன் முன்னால் நகர்த்தினாள்.

"நான் வருவேன். வாயத் திறக்க மாட்டேன். நாளைக்கு அவ கை காட்டும்போது நீ எந்திரிக்காம உக்காந்திரு, போதும். அப்படி இருந்துட்டா, அது யாரோ எழுதினதாவே இருக்கட்டும், சாகற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீ எந்திரிச்சேன்னா, அப்புறம் என்னைக் கேக்காத."

அவன் சரி என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை சரி என்றான்.

காலையில் அவன் வேறு சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். ஹெடி ஒன்பதரைக்கே வரிசையில் நின்று, பின்பக்கம் நின்று கேட்கிற இடத்துக்குச் சீட்டு வாங்கி, அங்கே இருந்த கைப்பிடிக் கம்பியின் நடுவில் இடம் பிடித்தாள். மேடையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே. எங்கல்பெர்ட் வந்து உட்கார்ந்ததும் அவளைப் பார்த்துவிட்டான். அவள் லேசாகத் தலையாட்டினாள். இவ்வளவு ஆன பிறகும் அவன்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்ததுதான் கொடுமை.

கடென்ஸா வந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில், ஆயிரத்து எழுநூறு பேர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு அதைக் கேட்டார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். ஹெடிக்குக் கை நடுங்கவில்லை. கோர்டுலாவின் விரல்கள் தெரிந்தன. அவை ஹெடியின் சுரங்கள்மேல் போய்வந்துகொண்டிருந்தன. இது நான் எழுதியது, எனக்கே இவ்வளவு பிடிக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. மேடையில் எங்கல்பெர்ட் பஸூனை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கான்செர்ட்டோ முடிந்ததும் மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிக் கைதட்டல். கோர்டுலா மூன்று தடவை உள்ளே போய்த் திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை வயலின்காரர்களைத் தாண்டிப் பின்னால் நடந்து, எங்கல்பெர்ட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். கோர்டுலா சிரித்துக்கொண்டு இன்னொரு தடவை கைகாட்டினாள். முதல் பஸூன்காரர் அவன் தோளில் தட்டினார். குழுவே காலால் தரையைத் தட்டி அவனைக் கூப்பிட்டது. ஹெடி கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உட்கார்ந்திரு, உட்கார்ந்திரு என்று உதடு அசைந்தது.

எங்கல்பெர்ட் எழுந்தான். இடப்பக்கம் குனிந்து வணங்கினான், வலப்பக்கம் குனிந்து வணங்கினான், மாடியில் இருந்தவர்களுக்கும் வணங்கினான். நடுவில், அவள் நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. முகத்தில் நேற்று சாயங்காலத்துப் பூரிப்பு அப்படியே இருந்தது.

"பாவம், எழுந்து நிக்கவே எவ்வளவு கூச்சம் பாருங்க. இத்தன வருஷம் யாருகிட்டயும் மூச்சே விடலையாம்" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"ஆமா, விடல" என்றாள் ஹெடி.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கோர்டுலா இருக்கிற கலைஞர் அறைக்குப் போகிற படியை நோக்கிக் கூட்டத்தில் வழி கேட்டு நடந்தாள். இடைவேளை இருபது நிமிடம். அவளுக்கு ஒரு நிமிடம் போதும்.